சிங்கப்பூர் சாசனத்தில் தமிழ் ஏறிய கதை

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் சிங்கப்பூர் நோட்டைப் பார்க்காத வீடு குறைவு. அந்த நோட்டில் நாட்டின் பெயர் தமிழிலும் இருக்கும். அலங்காரத்துக்குப் போட்ட தமிழ் இல்லை அது. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சி மொழிகள் என்று அந்நாட்டு அரசியல் சாசனத்தின் 153ஏ பிரிவு சொல்கிறது. இந்த நாலில் எதிலும் நாடாளுமன்றத்தில் பேசலாம். ஒன்றைப் பேசவும் எழுதப் படிக்கவும் தெரிந்தால், மொழித் தகுதியைப் பொறுத்தவரை தேர்தலில் நிற்க அதுவே போதும். ஆங்கிலமே தெரியாத தமிழருக்கும் அந்த வாசல் திறந்திருக்கிறது.

தமிழுக்கு இந்த இடம் கிடைத்த 1950களில் அங்கே இந்தியர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. தமிழர் அதிலும் ஒரு பங்குதான். இவ்வளவு சின்னக் கூட்டத்தின் மொழி எப்படி அங்கே போய் உட்கார்ந்தது?

1955இல், வெள்ளைக்காரர் ஆட்சியில் வந்த ரெண்டல் அரசியலமைப்பில் சட்டசபைக்கு ஆங்கிலம் மட்டும்தான். சீன வர்த்தக சங்கம் அதை விடாமல் எதிர்த்தது. அதன் பிறகுதான் 1956இல் நாலு மொழியிலும் பேசலாம் என்று சபை கொள்கையளவில் ஏற்றது. அதே ஆண்டு அனைத்துக் கட்சிக் குழு நாலு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்தச் சொன்னது. சரி, சீனர் கேட்டதால் தமிழுக்கும் தானாகக் கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் கோ. சாரங்கபாணியைப் பற்றிப் பேச வேண்டும். எங்கே பேசப் போனாலும் அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவாரூரில் பிறந்து, இளவயதில் சிங்கப்பூர் போய், 1935இல் 'தமிழ் முரசு' பத்திரிகையைத் தொடங்கியவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வருகிறது என்றதும், அங்கே தமிழ்தான் இருக்க வேண்டும் என்று நின்றவர். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டி, ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கேட்டார். அப்புறம் 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இதற்கு அவர் செய்ததைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். குடிமக்களாகப் பதிந்துகொள்ளுங்கள், பதிந்துகொள்ளுங்கள் என்று பத்திரிகையில் எழுதிக்கொண்டே இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்.

படிவம் நிரப்புவது பெரிய காரியமா என்று கேட்கலாம். நம் ஊர்ச் செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது வெளிநாட்டில் வட்டித்தொழில் பார்க்க, போன முறையை நினைத்துப் பாருங்கள். சம்பளச்சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு மூன்று வருஷம். பிறகு கப்பலேறி ஊர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கி, அதாவது பலரும் சேர்ந்து தொழில் பார்த்துத் தங்கும் கட்டடம்; அதில் ஆளுக்கு ஒரு பெட்டியடி, கணக்குப் பெட்டி வைத்த இடம். பகலில் அதன் முன்னால் உட்கார்ந்து கணக்கு, ராத்திரி அதன் பக்கத்திலேயே பாய். 1859இலேயே தேங்க் ரோட்டில் தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். ஆனாலும் மனசு இங்கே ஊரில் வளவு வீட்டிலேயே இருந்தது. 'நாளைக்கு ஊருக்குப் போகிறவனுக்கு எதற்கு அந்த நாட்டுத் தாள்' என்று தோன்றாமல் இருக்குமா?

கிட்டங்கியில் அடுத்தாளாக, அதாவது முதலாளின் உதவியாளராக, இருந்து திரும்பிய ஒரு பெரியவர், தம் வீட்டுப் பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார்: "எங்களுக்கு வருகிற கடிதாசி எல்லாம் 'எப்ப வர்றே'ன்னுதான் முடியும் தம்பி. துறைமுகத்து ஆளுகதான் வரிசையில நின்னு பதிஞ்சாக. நாங்க ரெம்ப யோசிச்சோம்." அந்தக் கடிதங்களை அவர் கணக்கேட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். உங்கள் வீட்டில் இப்படி ஏதாவது இருந்தால், தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

வெளியிலிருந்து போனவர்களில் பதிந்தவருக்குத்தான் வாக்கு. 1959 தேர்தலில் வாக்களிப்பது கட்டாயமும் ஆயிற்று. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாத கூட்டத்தின் மொழியைச் சாசனம் எழுதுகிறவர்கள் எதற்காக நினைக்க வேண்டும்? கூலி வேலை பார்த்தவர்களும் கடைச் சிப்பந்திகளும் வரிசையில் நின்று வைத்த கைநாட்டும் கையெழுத்தும் அந்தச் சாசனத்துக்குள் இருக்கின்றன. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். தலைவர்களின் நல்ல மனசை நான் மறுக்கவில்லை. அந்த மனசு பார்க்கும்படி, எண்ணும்படி மக்கள் அங்கே நின்றார்கள் என்கிறேன்.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். விரிவாகச் சொல்ல நினைத்ததைச் சுருக்கிவிடுகிறேன். 1965 ஆகஸ்ட் 9இல் நாடு தனியானது. டிசம்பரில் நிறைவேற்றிய சுதந்திரச் சட்டத்திலேயே நாலு மொழியும் இடம்பெற்றுவிட்டன. 1966இல் சிறுபான்மையினர் உரிமையை எப்படிக் காப்பது என்று ஆராய, தலைமை நீதிபதி வீ சோங் ஜின் தலைமையில் ஆணையம் வைத்தார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். உறுப்பினர்களில் தமிழரும் உண்டு. பிற்பாடு வந்த சிறுபான்மையினர் உரிமைகளுக்கான அதிபர் மன்றத்துக்கு வேர் அந்த அறிக்கைதான். அந்த மன்றம் என்ன செய்கிறது என்பதை இன்னொரு உரையில் பேசுகிறேன். வணக்கம்.