காய்ச்சல் இல்லாமல் கைக்குழந்தைக்கு வலிப்பு வந்தால் எதையெல்லாம் தேட வேண்டும்?

வணக்கம் நேயர்களே. காய்ச்சலோடு வரும் வலிப்பைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசிய பிறகு, "என் குழந்தைக்கு உடம்பு சுடவே இல்லை, ஆனாலும் கை காலை வெட்டி இழுத்தது, அது ஏன்?" என்று பெற்றோர் பலர் கேட்டிருந்தீர்கள். காய்ச்சல் வலிப்பு 6 மாதத்திலிருந்து 5 வயதுக்குள் வருவது. பெரும்பாலும் தீங்கு எதுவும் செய்யாமல் கடந்துபோய்விடும். காய்ச்சலே இல்லாமல் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வலிப்பு வந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்றே எண்ணித் தேட வேண்டும். "மறுபடியும் வருகிறதா பார்ப்போம்" என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதலில், காய்ச்சல் இல்லை என்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லிவிடுகிறேன். பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பச்சிளங்குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்திருந்தும் உடல் வெப்பம் இயல்பாகவே இருக்கலாம். சில குழந்தைகளுக்கு வெப்பம் குறைந்து உடம்பு சில்லென்றுகூட ஆகிவிடும். பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, உச்சிக்குழி புடைத்திருப்பது ஆகியவைதான் அங்கே நமக்குக் கிடைக்கும் அறிகுறிகள். அதனால்தான் இந்த வயதில் வலிப்பு வந்தால், வெப்பமானி என்ன காட்டினாலும், முதுகுத்தண்டிலிருந்து சிறிது நீர் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர்கள் கேட்கிறார்கள். முதுகில் ஊசி என்றதும் பெற்றவர்கள் அஞ்சுவது எனக்குப் புரிகிறது. ஆனால் மூளைக்காய்ச்சலை உறுதிசெய்ய அதைவிட நம்பகமான வழி இல்லை என்பதால், ஒப்புதல் தரத் தயங்கி நேரத்தை இழந்துவிடாதீர்கள்.

அடுத்தவை, ரத்தத்தில் சில பொருள்களின் அளவு குறைவதால் வரும் வலிப்புகள். வலிப்போடு வரும் எந்தக் குழந்தைக்கும் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை; குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தமே அதற்குப் போதும். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த, சர்க்கரை நோயுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளிடமும், போதிய அளவு பால் குடிக்காத குழந்தைகளிடமும் சர்க்கரை எளிதில் இறங்கிவிடும். கால்சியம் குறைவதற்குப் பல நேரங்களில் தாயிடமே இருக்கும் வைட்டமின் டி குறைபாடு காரணமாகிறது. தாய்ப்பாலில் அந்த வைட்டமின் மிகக் குறைவாகவே இருப்பதால்தான் குழந்தைக்குத் தினமும் 400 யூனிட் அளவில் சொட்டு மருந்து பரிந்துரைக்கப்படுகிறது. கால்சியம் கொடுத்தும் வலிப்பு அடங்கவில்லை என்றால் மெக்னீசியத்தையும் பார்க்க வேண்டும்.

சோடியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது முழுக்க முழுக்கத் தடுக்கக்கூடியது. பால்பவுடரை மிச்சப்படுத்துவதற்காக டப்பாவில் குறித்துள்ளதைவிட அதிகத் தண்ணீரில் கலக்குவதும், வெயில் காலமாயிற்றே என்று 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அடிக்கடி தண்ணீர் புகட்டுவதும் உலகமெங்கும் நடக்கின்றன. அந்த வயதுச் சிறுநீரகத்தால் மிகுதியான நீரை உடனுக்குடன் வெளியேற்ற இயலாது. நீர் ரத்தத்தில் தங்கி, 135 முதல் 145 வரை இருக்க வேண்டிய சோடியம் 120-ஐ நெருங்கும் அளவுக்கு இறங்கும்போது, மூளையின் செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்குகின்றன. அப்போது வலிப்பு வருகிறது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலோ சரியாகக் கலந்த பால்பவுடர்ப் பாலோ போதும், தனியாகத் தண்ணீர் தேவையே இல்லை.

பிறக்கும்போது மூச்சுத் திணறி மூளைக்கு ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளுக்கு வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள் தொடங்கிவிடும். ஆனால் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்த ஒரு மாதக் குழந்தை திடீரென வெளுத்துப்போய் வலிப்போடு வந்தால், மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறந்தவுடன் போடப்படும் வைட்டமின் கே ஊசி விடுபட்ட குழந்தைகளிடம் இத்தகைய கசிவு பெரும்பாலும் 2 முதல் 12 வாரத்துக்குள் நிகழ்கிறது. தொடையில் போடும் அந்த ஒரே ஊசியை வேண்டாம் என்று மறுப்பவர்களை நினைத்தால் மனம் பதைக்கிறது. தலையில் அடிபடுவதும், அழுகையை நிறுத்துவதற்காகக் குழந்தையைப் பிடித்து உலுக்குவதும் இதே கசிவை உண்டாக்கும். கற்பூரம் கலந்த தைலங்களைக் கைக்குழந்தைக்குத் தடவவே வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவும் உடலுக்குள் சென்று வலிப்பைத் தூண்டக்கூடியது.

இப்போது, இந்தக் காணொளியிலேயே முக்கியமான பகுதிக்கு வருகிறேன். என் கையில் இருக்கும் இந்தப் பொம்மையைக் கவனியுங்கள். தலை சட்டென்று முன்னால் குனிகிறது, இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் விரிந்து உள்ளே மடங்குகின்றன, முழங்கால்கள் வயிற்றை நோக்கி எழுகின்றன. ஓரிரண்டு விநாடிகளில் உடல் தளர்கிறது. சில விநாடிகள் கழித்து மறுபடியும் அதே அசைவு. இப்படியே வரிசையாகப் பல முறை, பெரும்பாலும் தூங்கி எழுந்தவுடன் வருகிறது. முடிந்ததும் குழந்தை அழலாம். வயிற்று வலி என்றும், திடுக்கிடுகிறது என்றும் நினைத்துப் பலரும் வாரக்கணக்கில் விட்டுவிடுவது இதைத்தான். இது 3 முதல் 8 மாதத்துக்குள் அதிகமாகத் தொடங்கும் ஒருவகை வலிப்பு. இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட், தம் சொந்த மகனிடம் கண்டதை 1841-இல் லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதமாக எழுதினார். அவர் பெயராலேயே இது வெஸ்ட் சிண்ட்ரோம் எனப்படுகிறது. சிரித்துப் பழகிய குழந்தை சிரிப்பதை நிறுத்துவது, முகம் பார்ப்பது குறைவது போன்ற மாற்றங்களும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். ஏ.சி.டி.எச்., பிரெட்னிசோலோன், விகாபாட்ரின் ஆகிய மருந்துகள் இதற்கு இருக்கின்றன. எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ, குழந்தையின் வளர்ச்சிக்கு அவ்வளவு நல்லது. காரணத்தைத் தேடும்போது குழந்தையின் தோலையும் பார்க்க வேண்டும். இலை வடிவில் வெளிறிய திட்டுகள் பல இருந்தால், அது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயைச் சுட்டலாம். அந்த நிலையில் விகாபாட்ரின் நல்ல பலன் தருகிறது.

மூளையின் அமைப்பில் பிறவியிலேயே இருக்கும் குறைகளை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிக்கொடுக்கும், மரபணு மாற்றங்களை மரபணுப் பரிசோதனையில் அறியலாம். எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு வைட்டமின் பி6 கொடுத்ததும் அடங்கிவிடும் குழந்தைகள் இருக்கிறார்கள். 1954-இலேயே பதிவான இந்த நிலைக்கு அடிப்படையான மரபணு 2006-இல் கண்டறியப்பட்டது. ரத்தத்தில் சர்க்கரை சரியாக இருந்தும் அது மூளைக்குள் போதிய அளவு செல்லாத குளுட்-1 குறைபாட்டில், கொழுப்பு மிகுந்த கீட்டோஜெனிக் உணவு முறையே சிகிச்சை. இவை அரிதானவைதான், ஆனால் சிகிச்சை உள்ளவை என்பதால் மறந்துவிடக் கூடாதவை.

வலிப்பு போலத் தோன்றி வலிப்பாக இல்லாதவையும் உண்டு. பச்சிளங்குழந்தையின் கை நடுங்கும்போது அதை மெல்லப் பிடித்துப் பாருங்கள். பிடித்ததும் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் வெறும் நடுக்கம், பிடித்தும் உள்ளுக்குள் துடித்துக்கொண்டே இருந்தால் வலிப்பாக இருக்கலாம். தூக்கத்தில் மட்டும் கை கால் வெட்டி, எழுப்பியவுடன் நின்றுவிடுவது தீங்கற்றது. பல் முளைப்பதால் வலிப்பு வரும் என்ற நம்பிக்கையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அந்த நம்பிக்கையால் உண்மையான காரணம் கண்டறியப்படாமலே போகிறது.

வலிப்பு நடந்துகொண்டிருக்கும்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, உடல் நீலம் பாய்ந்தாலோ உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அருகில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் முகமும் கை கால்களும் ஒருசேரத் தெரியும்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. பரிசோதனை, குழந்தை விழித்திருக்கும்போது மட்டும் எடுத்தால் இயல்பாக இருக்கலாம், தூக்கத்தையும் விழிப்பையும் சேர்த்து எடுப்பதே முறை என்பதால், நீங்கள் எடுத்த காணொளியைக் காட்டி அப்படி எடுக்கும்படி கேளுங்கள். மருந்து தொடங்கிய பிறகு வலிப்பு நின்றுவிட்டது என்பதற்காக, மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மருந்தைக்கூட நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னைவிடக் கடுமையாகத் திரும்பி வரக்கூடும்.