ஹே ராம் ஏன் ஓடல?

எல்லாருக்கும் வணக்கம். கமல் இயக்கி நடிச்ச ஹே ராம் படம் பத்தி பேசுங்கன்னு சொன்னாங்க. பேச ஆரம்பிச்சாலே "அது காலத்துக்கு முந்தின படம் சார், நம்மாளுங்களுக்குப் புரியல"ன்னு ஒருத்தர் சொல்லிடுவாரு, இருபது வருஷத்துக்கு மேல இதே பாட்டுதான். எனக்கு அதுல சம்மதம் இல்ல. ஜனங்களுக்கு நல்லாவே புரிஞ்சுது, புரிஞ்சதாலதான் எழுந்து போனாங்க.

2000 பிப்ரவரில படம் வருது. அதுக்கு முன்னாடி கமலை நாம பார்த்தது காதலா காதலா, அவ்வை சண்முகி, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்ச படங்க. அந்த ஞாபகத்துலயே குடும்பத்தோட உள்ள போறோம், போன கொஞ்ச நேரத்துல 1946 ஆகஸ்ட் 16, கல்கத்தா இந்து-முஸ்லிம் கலவரம். நிஜத்துல சில நாள்லயே ஏறக்குறைய நாலாயிரம் பேர் செத்ததா சொல்ற கணக்கு அது. ஹீரோ சாகேத் ராம், அதான் கமல், அவனோட மனைவி அபர்ணாவை வீட்டுக்குள்ளயே பலாத்காரம் பண்ணி கொல்றாங்க, செஞ்சவங்கள்ல ஒருத்தன் தெரிஞ்ச தையல்காரன் அல்தாஃப். ராம் துப்பாக்கிய எடுத்துட்டு தெருவுல இறங்குறான். சாதாரண படமா இருந்தா இங்க விசில் பறக்கும். இங்க பறக்கல, ஏன்னா அவன் அல்தாஃபைக் கொன்னதோட நிக்கல, சம்பந்தமே இல்லாதவங்களையும் சுடுறான். நடுத்தெருவுல ஒரு யானை நிக்குது, பாகன் செத்துக் கிடக்கான், அது எங்க போறதுன்னு தெரியாம அங்கயே நிக்குது. கேமராவும் அவசரப்பட்டு நகரல. ஹீரோ பக்கம் நிக்க முடியல, எதிர்ப்பக்கமும் நிக்க முடியலன்னா டிக்கெட் எடுத்தவன் எங்கதான் நிப்பான் சொல்லுங்க?

இதுல இன்னொண்ணு இருக்கு. பஞ்சாப்லயும் வங்காளத்துலயும் பிரிவினை வீட்டுக்கு வீடு இருக்கிற காயம், நமக்கு அது பாடப்புத்தகம். இதுக்கெல்லாம் காந்திதான் காரணம்னு நம்பி அவரைக் கொல்லப் போற ஆளா ராம்ங்கிற ஒரு தமிழ் ஐயங்கார் பையனை வச்சது பெரிய துணிச்சல்தான், ஆனா பார்க்கிறவனுக்கு அந்தக் கோபம் எங்கேர்ந்து வருதுன்னு உடம்புல ஏறல. போதாததுக்கு தமிழ்ப் படத்துலயே இந்தி, வங்காளம், மராத்தின்னு பேசிட்டே போறாங்க.

படத்து மேலயும் குறை இருக்கு, ரசிகர்கள் கோவிச்சுக்காதீங்க. அந்த மகாராஜா அரண்மனைல ராமோட போதையில அவனோட ரெண்டாவது மனைவி மைதிலி துப்பாக்கியா மாறுற காட்சி இருக்கே, தொழில்நுட்பமா அசத்தல், ஆனா ராமோட மண்டைக்குள்ள என்ன ஓடுதுன்னு அதுக்குள்ள நமக்குத் தெரிஞ்சுபோச்சு, மறுபடி படம் போட்டு விளக்கணுமா? டெல்லில சோடா கம்பெனிக்குள்ள ராமோட முஸ்லிம் நண்பன் அம்ஜத்தும் ராமும் நேருக்கு நேர் பேசுற இடம்தான் படத்தோட உயிர், அங்க வந்து சேர்றதுக்குள்ள பாதிப்பேர் களைச்சுப்போயிட்டாங்க.

இளையராஜாவைச் சொல்லாம விட்டா அடிக்க வருவீங்க. முதல்ல வயலின் கலைஞர் எல்.சுப்ரமணியம்தான் இசை, பாட்டெல்லாம் ஷூட்டிங்கே முடிஞ்சிடுச்சு, அப்புறம் படத்துல அவர் இல்லன்னு ஆச்சு. ராஜா வந்து, எடுத்து வச்ச காட்சில உதடு அசையிற அளவுக்கே புது மெட்டு போட்டாரு! கேக்கும்போது ஒட்டுப்போட்ட மாதிரியா இருக்கு?

விருதுக்கு பஞ்சமில்ல. துணை நடிகர் அதுல் குல்கர்னிக்கும், உடை அமைச்ச சரிகாவுக்கும், ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்கும் தேசிய விருது, ஆஸ்கருக்கு இந்தியா சார்புல அனுப்பினதும் இந்தப் படம்தான். கல்லாப்பெட்டி மட்டும் நிறையல. காங்கிரஸ்காரங்க சிலர் காந்தியைக் கேவலப்படுத்திட்டாங்கன்னு போராட்டம் பண்ணாங்க, இன்னொரு பக்கம் இந்துக்களைக் குற்றவாளி ஆக்கிட்டாருன்னு முணுமுணுப்பு. ரெண்டு பக்கமும் திட்டினா யாரு கூட்டிட்டு வந்து படம் காட்டுவாங்க? அதே வருஷம் தீபாவளிக்கு தெனாலி வந்துச்சு, எதைப் பார்த்தாலும் பயப்படுற கமல், தியேட்டர் நிறைஞ்சுது.

படத்து மேலயும் குறை இருக்குன்னு நான் சொன்னதுக்கு முன்வரிசைல ரெண்டு பேர் முறைச்சுட்டே இருக்கீங்க, மைக் அந்தப் பக்கம் குடுங்கப்பா, அவங்க பேசட்டும்.