சாவியைக் கொடுக்கும் முன்

(டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் பேசியது)

பெரியோர்களே, அக்கா தங்கைகளே, வணக்கம்.

நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருந்தவன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. ஒருமுறை சலவை இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது. கடை எங்கள் கேட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் கையெழுத்து மேலிடத்திலிருந்து வரவேண்டும். ஏழு வாரம் ஆனது. அதுவரை நோயாளிகள் வீட்டுப் போர்வையைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்குக் கேட்டிருந்தால், 'ஆஸ்பத்திரியின் பணம் ஆஸ்பத்திரி கையிலேயே இருக்கட்டும்' என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன். இப்போது சட்டமே அந்தப் பக்கம் போகிறது. 2024 மே மாதம் கையெழுத்தான நம் நாட்டின் தேசிய சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம், மத்திய மருத்துவமனைகளுக்கு, அதாவது உயர் சிகிச்சை தரும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளுக்கு, ஓரளவு தன்னாட்சி தரச் சொல்கிறது. சரி, அதற்கு எந்த ஆஸ்பத்திரி தயார், எது தயாரில்லை என்று எதை வைத்துப் பார்ப்பது?

கணக்குப் புத்தகத்தை வைத்து என்றால், இங்கிலாந்தில் அப்படித்தான் பார்த்தார்கள். மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற அரசு மருத்துவமனை நிர்வாகத்துக்கு 2008இல் தன்னாட்சித் தகுதி கிடைத்தது. வரவு செலவைச் சரிக்கட்ட ஆட்களைக் குறைத்திருந்தார்கள். வார்டில் சாப்பாடும் தண்ணீரும் நோயாளியின் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தன. 2013 விசாரணை அறிக்கை இதையெல்லாம் விவரமாகச் சொல்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன், ஜோஹன்னஸ்பர்க் பக்கத்தில் நம் டெம்பிசா ஆஸ்பத்திரி இருக்கிறதே. அப்போது 5 லட்சம் ரேண்டுக்குள் என்றால் டெண்டர் வேண்டியதில்லை, ஆஸ்பத்திரியே வாங்க முடிந்தது. அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பில்களாக வந்து குவிந்தன. ஆஸ்பத்திரிக்கு 200 ஸ்கின்னி ஜீன்ஸ் எதற்கு? ஒன்று 2,500 ரேண்டாம்! சுமார் 85 கோடி ரேண்ட் பட்டுவாடாவைச் சந்தேகித்து எச்சரித்தார் அந்த கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறை நிதி அதிகாரி பபிதா தியோகரன். 2021 ஆகஸ்ட் 23 அன்று, மகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பியவரை வீட்டு வாசலிலேயே சுட்டார்கள்.

அதனால் மதிப்பிட வருகிறவர்கள் முதலில் ஸ்டோருக்கு வரட்டும். பில்லை நிறுத்தி வைத்த குமாஸ்தா யார் என்று கேட்கட்டும். அப்புறம், அவர் இன்னமும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கட்டும்.