சார்லட் அரசியாகியிருந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

நடக்காத வரலாற்றைக் கற்பனை செய்பவர்கள் பெரும்பாலும் போர்க்களத்தில்தான் தொடங்குகிறார்கள். வாட்டர்லூவில் நெப்போலியன் வென்றிருந்தால் என்ற கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டவற்றுக்கு அளவே இல்லை. அரச வம்சங்களின் போக்கைக் கவனித்தால், ஐரோப்பாவின் தலைவிதி பலமுறை பிரசவ அறையில் தீர்மானிக்கப்பட்டிருப்பது தெரியும். அப்படி ஓர் இரவை எடுத்துக்கொண்டு, அது வேறு விதமாக முடிந்திருந்தால் எந்த மகுடம் யார் தலைக்குப் போயிருக்கும் என்று பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

1817ஆம் ஆண்டு நவம்பர் மாதம், இங்கிலாந்தின் சர்ரே பகுதியிலுள்ள கிளேர்மாண்ட் மாளிகையில், பட்டத்து இளவரசர் ஜார்ஜின் ஒரே மகளான சார்லட் பிரசவ வேதனையில் இருந்தார். கருவுற்ற காலத்தில் அவருக்கு உணவைக் குறைத்ததோடு இரத்தமும் வடித்திருந்தார்கள். அக்கால வைத்திய முறை அது. ஏறத்தாழ ஐம்பது மணி நேரம் நீடித்த பிரசவத்தில், பொறுப்பேற்றிருந்த மருத்துவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட் குழந்தையை வெளியே எடுக்க ஆயுதக் கருவியைப் பயன்படுத்தவில்லை. ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. நவம்பர் 6ஆம் தேதி அதிகாலையில் இருபத்தொரு வயதுத் தாயும் உயிரிழந்தார். நாடு முழுவதும் துக்கம் அனுசரித்ததில் கடைகளில் கறுப்புத் துணி தீர்ந்துபோனது என்பார்கள். மூன்று மாதங்களில் அந்த மருத்துவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார்.

அப்போது சார்லட்டின் தாத்தாவான மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தும், சட்டப்படி வாரிசாகக்கூடிய பேரப்பிள்ளை ஒருவர்கூட மிஞ்சவில்லை. நடுத்தர வயதைத் தாண்டிய இளவரசர்கள் அவசர அவசரமாகப் பெண் தேடினார்கள். அவர்களுள் ஒருவரான கென்ட் கோமகன் எட்வர்ட், நீண்ட காலமாகத் தம்முடன் வாழ்ந்துவந்த செயின்ட் லாரன்ட் அம்மையாரைப் பிரிந்து, சார்லட்டின் கணவர் லியோபோல்டின் சகோதரியையே 1818இல் மணந்தார். அவர்களுக்கு 1819 மே 24 அன்று பிறந்த பெண்தான் விக்டோரியா. அண்ணன் மகள் இறந்ததால் நடந்த திருமணம் அது. அவள் பிழைத்திருந்தால் எட்வர்ட் பிரசல்ஸில் தம் பழைய துணையோடு, வழக்கமான கடன்களோடு, காலத்தைக் கழித்திருப்பார் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

இனிக் கற்பனைக்கு வருவோம். இதில் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு: வாரிசுரிமைச் சட்டம் எதுவரை வழிகாட்டுகிறதோ அதுவரைதான் துணிந்து பேசலாம். 1830 ஜூன் 26 அன்று, நான்காம் ஜார்ஜ் என்ற பெயரில் மன்னராகிவிட்ட தந்தை இறந்ததும், முப்பத்து நான்கு வயதுச் சார்லட் பிரிட்டனின் அரசியாகிறார். ஜெர்மனியில் இருந்த ஹனோவர் அரசும் அதே வம்சத்துக்குரியது. ஆனால் அங்கே ஆண் வழி வாரிசு உள்ளவரை பெண்ணுக்கு அரியணை கிடையாது. உண்மையில் 1837இல் விக்டோரியா அரியணை ஏறியபோது நிகழ்ந்த பிரிவு, இங்கே ஏழாண்டுகள் முன்னதாகவே நிகழ்ந்து, ஹனோவர் சித்தப்பா வில்லியமுக்குப் போகிறது.

வில்லியமுக்குப் பிறகு யார் என்பதுதான் சுவையான கேள்வி. உண்மை வரலாற்றில் அடுத்து வந்தவர் இன்னொரு சித்தப்பாவான எர்னஸ்ட் அகஸ்டஸ். வந்த வேகத்தில் 1833ஆம் ஆண்டின் அரசியலமைப்பை அவர் ரத்து செய்ததும், எதிர்த்துக் கையெழுத்திட்ட கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் எழுவர் வேலையிழந்ததும் தெரிந்த கதை. தேவதைக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களும் அவர்களுள் அடக்கம். ஆனால் மூப்பு வரிசையில் எர்னஸ்டுக்கு முந்தியவர் எட்வர்ட். அவர் செலவைச் சுருக்குவதற்காக மனைவியோடும் கைக்குழந்தையோடும் சிட்மத் கடற்கரைக்குப் போய், அங்கே சளிக் காய்ச்சல் முற்றி 1820 ஜனவரியில் இறந்தார். குடும்பமே இல்லையென்றால் அந்தப் பயணமும் இல்லை. அறுபத்தொன்பது வயதில் அவர் ஹனோவர் மன்னராகியிருக்கக்கூடும். கிரிம் சகோதரர்களின் வேலை தப்பியிருக்குமா என்பது அவருடைய குணத்தைப் பொறுத்தது. படைத்தலைவராக அவர் காட்டிய கடுமையை அறிந்தவர்கள் அதிக நம்பிக்கை வைக்க மாட்டார்கள்.

அடுத்தது பெல்ஜியம். மனைவியை இழந்த லியோபோல்ட் 1831 ஜூலை 21 அன்று அந்தப் புதிய நாட்டின் முதல் மன்னராகப் பதவியேற்றார். சார்லட் இருந்திருந்தால் அவர் லண்டனில் அரசியின் கணவராக இருந்திருப்பார். பிரசல்ஸ் அரியணையைத் தேடிப் போயிருக்க மாட்டார். அங்குள்ள மன்றம் முதலில் தேர்ந்தெடுத்ததும் அவரை அல்ல, பிரெஞ்சு மன்னரின் மகனான நெமூர் கோமகனை. பிரிட்டனின் எதிர்ப்பால் தந்தை அதை மறுத்துவிட்டார். அந்த எதிர்ப்பு சார்லட் ஆட்சியிலும் இருந்திருக்கும் என்பதால், அரியணைக்கு மூன்றாவதாக ஒருவரைத் தேடியிருப்பார்கள். யாராயினும், லியோபோல்டின் இரண்டாம் மணத்தில் பிறந்த இரண்டாம் லியோபோல்ட் அங்கே இல்லை; 1885 முதல் 1908 வரை காங்கோவைத் தம் சொந்தச் சொத்தாக வைத்து இரப்பருக்காக மக்களை வதைத்த அந்த மன்னர் இல்லாமல் காங்கோவின் கதை வேறாகியிருக்கும். நல்லதாகியிருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆப்பிரிக்காவைப் பங்குபோட வேறு பல கைகள் காத்திருந்தன.

விக்டோரியாவே பிறக்கவில்லையென்றால், அவருடைய பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் ஜெர்மானியப் பேரரசராக இல்லை. பேத்தி அலெக்சாண்ட்ரா ரஷ்யாவுக்கு மருமகளாகப் போவதும், அவர் மகன் அலெக்சேய்க்கு இரத்தம் உறையாத நோய் வருவதும் இல்லை. சென்னையில் சென்ட்ரல் நிலையத்தின் அருகே நிற்கும் செங்கல் மண்டபத்துக்கும் வேறு பெயர்தான். இவ்வளவும் பிறப்புப் பதிவேட்டை வைத்துச் சொல்லக்கூடியவை. 1914ஆம் ஆண்டுப் போர் மூண்டிருக்குமா, 1917ஆம் ஆண்டுப் புரட்சி நடந்திருக்குமா என்று கேட்டால், அங்கே வம்சாவளிப் பட்டியல் பயன்படாது. நிலமும் கூலியும் படைக்கலப் போட்டியும் பேசத் தொடங்கிவிடுகின்றன. அவற்றைச் சார்லட்டின் பெயரால் கணிப்பவர்களை நான் நம்புவதில்லை.

நன்றி, வணக்கம்.