தாயுமானவன் என்று ஏன் பெயர் வைத்தேன்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். 'ஆண் குழந்தைக்குப் பழைய பெயர் வைப்பது பெருமையா, சுமையா?' என்பது தலைப்பு. பெருமையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர் மூன்று காரணங்களைச் சொன்னார். பள்ளியில் கேலி செய்வார்கள். வெளிநாட்டில் யார் வாயிலும் நுழையாது. பழைய பெயர்களில் சாதியின் வாடை அடிக்கும்.

கடைசிக் காரணத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் வலி இருக்கிறது. மதிப்பான பெயர் சூட்டிக்கொள்ளக்கூட உரிமை மறுக்கப்பட்ட மக்கள் இந்த மண்ணில் இருந்தார்கள். இழிவாகக் கூப்பிடுவதற்கென்றே தங்கள் பாட்டன்மார் மீது திணிக்கப்பட்ட பெயர்களை அவர்களுடைய பிள்ளைகள் தூக்கி எறிந்தது நியாயம். அவற்றை மறுபடி சூட்டுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். ஆனால் பெயர் மாற்றுவதே ஓர் இயக்கமாக நடந்த காலத்தில் எந்தப் பெயர்களைத் தேடிப் போனார்கள்? திராவிட இயக்கத்தில் நாராயணசாமி என்ற இளைஞர் நெடுஞ்செழியன் ஆனார். அது சங்ககாலப் பாண்டியனின் பெயர். புதிய அரசியல் பேச வந்தவருக்கு ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய பெயர்தான் புத்தம் புதிதாகத் தெரிந்தது. ஆகவே பழமையும் இழிவும் ஒன்றல்ல, நண்பரே.

இனி என் வாதத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விட்டுவிடுங்கள் என்று தீர்மானம் போட்டது. விட்டோம். அது நாம் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று. மிஞ்சியது என்ன? அப்பா பெயரின் முதல் எழுத்தும் நம் பெயரும். அந்த முதல் எழுத்துக்கு ஆயுள் ஒரே தலைமுறை. என் மாமனார் பெயரின் எழுத்து என் கணவரோடு நின்றுவிட்டது; என் மகனின் பெயருக்கு முன்னால் அது இல்லை. அப்படியென்றால் நம் ஊர், நம் குடும்பம், நம் பாட்டன் எல்லாம் வந்து தங்குவதற்கு இருக்கும் ஒரே திண்ணை, குழந்தைக்கு நாம் வைக்கும் பெயர்தான். அந்த ஒரே இடத்தையும் கைப்பேசியில் வரும் பட்டியலிலிருந்து, ஒலி நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்த இரண்டெழுத்துச் சொல்லுக்குக் கொடுத்துவிட்டால் பிறகு நமக்கு எது மிச்சம்?

'பேரன்' என்கிறோமே, அந்தச் சொல்லைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். பெயரன். பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன். நற்றிணையின் 40ஆம் பாட்டில் ஒரு வீடு வருகிறது. மனைவி பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பரத்தையரிடம் போய்த் திரிந்த கணவன், நள்ளிரவில் கள்வனைப் போல வீட்டுக்குள் வருகிறான். ஏன் வந்தானாம்? 'சிறந்தோன் பெயரன் பிறந்தமாறே.' தன் தந்தையின் பெயரைத் தாங்கப்போகிறவன் பிறந்துவிட்டானாம். வழி தவறிப்போன மனிதனை வீட்டுக்கு இழுத்துவர ஒரு பெயருக்கு வலிமை இருந்திருக்கிறது!

ஊரும் அப்படித்தான். அந்தந்த ஊர்க் கோயில் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். ஒருவர் நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி. அம்பலவாணன் என்றால் சிதம்பரம். வைத்தமாநிதி என்றால் தாமிரபரணிக் கரையில் திருக்கோளூர், வானமாமலை என்றால் நாங்குநேரி. முகவரி கேட்கவே வேண்டாம். வைத்தமாநிதி! சேர்த்துவைத்த பெருஞ்செல்வம் என்று ஒரு பிள்ளையைக் கூப்பிட்ட ஊர் அது. இன்று அந்த ஊரிலேயே எத்தனை குழந்தைகளுக்கு அந்தப் பெயர் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

வெளிநாட்டில் வாயில் நுழையாது என்றார் நண்பர். எகிப்தில், செங்கடல் கரையில் குசைர் அல் காதிம் என்ற பழைய துறைமுகத்தைத் தோண்டினார்கள். கிடைத்த பானை ஓடுகளில் 'கணன்', 'சாதன்' என்று நம் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் கீறியிருந்தது. யாருக்கு நுழையுமோ நுழையாதோ என்று தன் பெயரைத் திருத்திக்கொள்ளாமல், கடல் கடந்துபோன இடத்திலும் நம் ஆள் தன் எழுத்தில் தன் பெயரை எழுதியிருக்கிறான். கீழடி ஓடுகளில் இருக்கும் ஆதனும் குவிரனும் அப்படித்தான். அந்த மனிதர்களைப் பற்றி வேறு எதுவும் மிஞ்சவில்லை, பெயர் மிஞ்சியது.

கடைசியாகக் கேலி. இதை நான் என் வீட்டிலிருந்தே பேச வேண்டும்.

நான் கருவுற்றிருந்தபோது என் அம்மா உயிரோடு இல்லை. பேறுகாலத்தில் வெந்நீர் வைத்தது, பத்தியச் சாப்பாடு ஆக்கியது, இரவெல்லாம் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தது எல்லாம் என் கணவர்தான். நாங்கள் திருச்சிக்காரர்கள். மலைக்கோட்டைக் கதையை உங்களில் பலர் அறிவீர்கள். ரத்தினாவதி என்ற பெண்ணுக்குப் பேறுகாலம். வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள். சிவனே அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தான். அதனால் அவன் தாயுமானவன். சுகப்பேறு வேண்டி இன்றும் அவன் சன்னதியில் வாழைத்தார் வைக்கிறார்கள். பிறப்புப் பதிவில் பெயரைச் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. எனக்கு 12 நாள்கூடத் தேவைப்படவில்லை. ஆண்பிள்ளைக்கு வைக்க இதைவிட நல்ல பெயர் ஏதாவது உண்டா, சொல்லுங்கள். தாயாகவும் இருக்கத் தெரிந்தவன் என்று ஒருவனை நாள்தோறும் கூப்பிடுகிறோம்!

கேலி செய்தார்கள், மறுக்கவில்லை. இரண்டாம் வகுப்பில் ஒருநாள் அழுதுகொண்டு வந்து, "ஏம்மா எனக்குப் பொம்பளைப் பேரு வச்சே?" என்று கேட்டான். மறுநாள் மாலை அவனை மலைக்கோட்டைக்கு அழைத்துப்போய், சன்னதிக்கு வெளியே உட்காரவைத்துக் கதையைச் சொன்னேன். அவன் அப்பா ஆக்கிய பூண்டுக் குழம்பைப் பற்றியும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்போ அப்பாவும் தாயுமானவன்தானே?" என்றான்.

இப்போது வகுப்பில் அவனைத் 'தாயு' என்று கூப்பிடுகிறார்கள். கூப்பிடட்டும். நோட்டு அட்டையில் ஆறு எழுத்தையும் அவனே முழுதாக எழுதுகிறான்.

நன்றி, வணக்கம்.