கம்பம் நம் ஊரில், கமரா யார் கையில்?

(திருகோணமலையில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோரே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் பிள்ளைகளே,

உள்ளூர்த் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் வானொலியில் தொடங்குகிறேன். நகருக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கம், ஜேர்மனியரின் வானொலி அஞ்சல் நிலையத்தை, அதாவது தூரத்து ஒலிபரப்பை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையத்தை, பலரும் அறிவீர்கள். 1980களில் ஜேர்மனியின் வெளிநாட்டு ஒலிபரப்பான டொய்ச் வெலே அமைத்தது. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. நம் மண்ணில் நட்ட கம்பங்களிலிருந்து ஆசிய நாடுகளுக்கெல்லாம் செய்தி போனது. மூதூரில் தண்ணீர் வரவில்லை என்று அதில் யாரும் சொல்லவில்லை. அது அவர்களுடைய வேலையும் இல்லை.

தொலைக்காட்சியும் அந்த வழியில்தான் வந்தது. 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சி கொழும்பை அண்டிய பகுதிக்குத் தனியார் நிலையமாகத் தொடங்கியது. இரண்டு மாதத்திற்குள் அரசு எடுத்துக்கொண்டது. 1982 பெப்ரவரி 15இல் யப்பானின் உதவியோடு அரசின் ரூபவாகினி. பிற்பாடு தமிழ் அலைவரிசைகளான சக்தி, 2009இல் வசந்தம். தமிழில் பார்க்கக் கிடைத்தது பெரிய ஆறுதல், மறுக்க மாட்டேன். ஆனால் கலையகம் கொழும்பில். திருகோணமலை திரையில் தெரிய வேண்டுமென்றால் வெள்ளம் வர வேண்டும், அல்லது அமைச்சர் வர வேண்டும்.

இந்த நிலையைக் கேபிள் மாற்றியது. கேபிள்காரரின் அறைக்குள் போய்ப் பாருங்கள். கூரையில் டிஷ்கள், உள்ளே ஒவ்வோர் அலைவரிசைக்கும் ஒரு ரிசீவர், படத்தைக் கம்பியில் அதற்குரிய இடத்தில் ஏற்றிவிடும் ஒரு மொடுலேட்டர். எல்லாம் சேர்ந்து ஒரே கம்பியில் இறங்குகின்றன. தூரம் போகப் போக சமிக்ஞை தேயும். அதனால் வழியில் ஆங்காங்கே அதைப் பெருக்கிவிடும் அம்ப்ளிஃபயர். அந்தக் கம்பியில் ஓர் அலைவரிசைக்கான இடம் காலியாக இருந்தால் போதும். ஒரு கணினியையும் ஒரு மொடுலேட்டரையும் மாட்டினால் ஊருக்கென்று ஓர் அலைவரிசை. மலையும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம்.

அதில் என்ன போடுவது? படித்தவர்கள் விவாத அரங்கு என்பார்கள். மரண அறிவித்தலில் தொடங்குங்கள் என்பேன் நான். பெயர், பிறந்த ஊர், தகனம் எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்று திரையின் அடியில் ஓடும் அந்த ஒரு வரிக்காகவே டிவியை அணைக்காத வீடுகள் உண்டு. அடுத்தது மின்வெட்டு, நீர்வெட்டு. சிவராத்திரிக்குப் பிறகு கோணேசப் பெருமான் நகர்வலம் வரும்போது, படுக்கையில் கிடக்கும் பாட்டிக்குச் சுவாமி தன் தெருவைத் தாண்டுவது தெரிய வேண்டும். கொழும்புக் கமரா அதற்கு வராது. வந்தாலும் அரை நிமிடத்தில் முடித்துவிடும்.

பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். இந்த ஊரின் கலியாணம், கலைவிழா, கடலோரம், 2004 சுனாமிக்கு முந்திய தெருக்கள் எல்லாம் வீடுகளில் வீடியோ கசெட்டுகளாகக் கிடக்கின்றன. நம் உப்புக்காற்றில் அவற்றுக்குப் பூஞ்சை பிடித்திருக்கும். ஆசைப்பட்டு உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள்; நாடாவும் கெடும், பிளேயரில் நாடாவைப் படிக்கும் ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கசெட்டிலும் பூஞ்சை ஏறும். தனித்தனிப் பையில் போட்டு, உறையில் யார் வீட்டு நிகழ்வு, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அம்மம்மாவைக் கேளுங்கள். அவருக்கு நாள் நட்சத்திரத்தோடு ஞாபகம் இருக்கும்.