வாட்டம் பார்த்தீர்களா?

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி நெருங்கினால் சென்னையில் பாதிப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் என்னைப் போல ஹால் சீலிங்கைப் பார்ப்பார்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஒரு புரட்டாசியில் கூலிங் டைல்ஸ் போட்டோம். பழைய தட்டோட்டைப் பெயர்த்து, ஒரே வாரத்தில் வெள்ளை வெளேரென்று முடித்துக் கொடுத்தார் கான்ட்ராக்டர். பார்த்த மயக்கத்தில் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

முதல் மழையிலேயே ஃபேன் கொக்கியைச் சுற்றி தோசை அளவுக்கு ஓதம். போன் செய்தால், "வெறும் ஈரம் சார், நாலு வெயில் அடிச்சா போயிடும்" என்றார். மாடி ஏறிப் பார்த்தேன். மழைநீர்க் குழாயின் வாய் காய்ந்து கிடக்கிறது. எதிர் மூலையில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். அதில் ஒரு காக்கை சாவகாசமாகக் குளிக்கிறது!

வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, இல்லை. இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டில் எனக்கு 'வாட்டம் தாத்தா' என்று பெயர். குழாய் வாயைப் பார்த்து, பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும். அது இல்லாமல் எந்தக் கெமிக்கலைப் பூசியும் பயனில்லை. அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள். வாட்டம் அந்தத் தட்டலிலேயே வந்துவிடும். சரி, கதைக்கு வருகிறேன்.

கான்ட்ராக்டரை மாடிக்கு வரவழைத்து, கையில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொடுத்தேன். "நீங்களே ஊத்துங்க." ஊற்றினார். தண்ணீர் அவர் செருப்பை நனைத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் ஓடியது. அப்புறம் பேச்சில்லை, மறுநாளே ஆள் வந்து பெயர்த்தார்கள். இந்த முறை குழாய் வாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பார்த்தோம். அந்தப் பக்கெட் தண்ணீரைக் கடைசித் தவணைக்கு முன்னால் ஊற்றுங்கள், பின்னால் அல்ல.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடிகிறது என்று விரலைக் காட்டுகிறார்கள். கைப்பிடிச் சுவர் விரிசலுக்கு நேரமில்லை. ஆள் வரவே மறுத்தால்? ரசீது, போட்டோ, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் பத்திரம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இதுவும் சேவைக் குறைபாடுதான். 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து கேளுங்கள். வணக்கம்.